உப்பில்லாத மாவும் கள்ளிக் கொம்பும்

"அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் நாஞ்சில் நாட்டுப் பெண்கள் சொல்வதுண்டு. ஔவையார் நோன்பு நோற்க வேண்டிய மாதங்களை மறக்காமலிருப்பதற்காக அவர்கள் வைத்துக்கொண்ட வாய்பாடு அது. இந்த மூன்று மாதங்களில் வரும் செவ்வாய்க்கிழமை இரவில், ஏதேனும் ஒரு வீட்டில், தெருவிலுள்ள பெண்கள் மட்டும் கூடுவார்கள். அந்த வீட்டு ஆண்கள், தொட்டில் பிள்ளையாக இருந்தாலும் ஆண் என்றால், அன்றைக்கு வேறு வீட்டில்தான் உறங்க வேண்டும். பச்சரிசி மாவில் உப்புச் சேர்க்காமல் தேங்காய்ப் பூ மட்டும் கலந்து பிசைந்து, விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடித்து, ஆவியில் வேகவைத்து, ஔவைக்குப் படைத்து, கதை கேட்டு, விடிவதற்குள் அத்தனையையும் தின்று தீர்த்துவிட வேண்டும். ஓர் ஆணின் கண்ணும் அந்தக் கொழுக்கட்டையின் மேல் படக்கூடாது என்பது விதி.

ஒன்பது வயதில் முதன்முறையாக அந்த இரவில் என்னை உட்கார அனுமதித்தார்கள். தோவாளைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஆச்சியின் வீடு அது. அடுக்களையில் குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டுமே இருந்தது. பகலெல்லாம் வயலிலும் அடுப்படியிலும் ஒரே மாதிரியான வேலைகளைச் செய்துகொண்டிருந்த பெண்கள், அன்று இரவு மாவை உருட்டி ஆளுக்கொரு உருவம் செய்துகொண்டிருந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி உரலும் உலக்கையும் செய்தாள். இன்னொருத்தி படமெடுத்த நாகத்தைச் செய்து, அதன் கண்ணுக்கு இரண்டு மிளகு பதிக்கலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாமென்று நகத்தால் கீறிவிட்டாள். பிள்ளையில்லாத என் அத்தை ஒரு தொட்டில் செய்தாள். அந்தத் தொட்டிலின் விளிம்பில் கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது. அதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அத்தை தொட்டிலையே செய்தாள் என்பதையும், ஒவ்வொரு முறையும் விடிவதற்கு முன்பு அதைத் தன் கையாலேயே பிட்டுத் தின்றாள் என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் சேர்த்துப் புரிந்துகொண்டேன். நான் பிடித்த உருண்டை வெடித்துப் போனபோது ஆச்சி, "ஏட்டி, மாவு கையோட சூட்டுல பழகணும், அவசரப்படுத்தாதே" என்றாள்.

பிறகு ஆச்சி கதை சொன்னாள். வங்கியில் கைநாட்டு வைக்கும் ஆச்சி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கேட்பவர்களை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்து சொன்னாள். அந்தக் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஆண்கள் காதில் விழக்கூடாத கதை என்று சொல்லித்தான் எனக்குச் சொன்னார்கள். நோன்பின் மற்ற விவரங்கள் ஏற்கெனவே பலரும் எழுதி அச்சேறியவை. ஆனால் ஆச்சி சொன்ன விதத்திலான அந்தக் கதை எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு நிபந்தனையோடு. அதை மீறி நான் எழுதினால், எழுத்தை எங்கிருந்து கற்றேனோ அந்த இடத்துக்கே துரோகம் செய்தவளாவேன்.

எனக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் நெடுங்காலம் பள்ளி நூலகத்தையும் நான் படித்த ஆசிரியர்களையும் சொல்லிவந்தேன். அது பாதி உண்மைதான். ஒரு பெண் தன் மனத்திலுள்ளதைக் கையாலும் குரலாலும் உருவாக்கிப் பிற பெண்களின் முன்னால் வைப்பதையும், அவர்கள் அதை மரியாதையோடு வாங்கிக்கொள்வதையும் முதலில் கண்ட இடம் அந்த அடுக்களை. பெண்ணின் சொந்த விருப்பத்துக்கென்று ஒரு நாழிகையும் ஒதுக்காத குடும்பங்கள், "அம்மனுக்குச் செய்வது" என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இரவு முழுவதையும் ஒதுக்கின. இந்த மாவட்டத்தில் அம்மன் வழிபாட்டைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான்: இங்குள்ள பெண்களுக்கு அவள் வரம் கொடுத்தாளா என்பது அவரவர் நம்பிக்கை; ஆனால் அவர்கள் ஆக்கிப் பார்ப்பதற்கு ஓர் இடமும், கேட்பதற்குக் காதுகளும் அவள் பெயரால்தான் கிடைத்தன.

அந்த நோன்புக்குரிய தெய்வம் ஒரு புலவர் என்பதை யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பு தீர்வதில்லை. சங்கத் தொகை நூல்களில் 59 பாடல்கள் ஔவையாரின் பெயரில் உள்ளன. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை உண்டவரும், ஆத்திசூடி எழுதியவரும் வேறு வேறு காலத்தவர் என்று இலக்கிய வரலாறு பிரித்துச் சொல்லும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை. அவர்கள் எல்லா ஔவையாரையும் ஒருத்தியாக்கி, ஔவையாரம்மன் என்று பெயரிட்டுக் கோயிலுக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். தாழக்குடிப் பக்கத்தில் உள்ள ஔவையாரம்மன் கோயிலுக்கு ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் போனால், பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அங்கேயே அடுப்பு மூட்டிக் கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பதைப் பார்க்கலாம். புலவர்களுக்குச் சிலை வைத்தும் மணிமண்டபம் கட்டியும் மாலை போடுகிறோம். ஒரு கவிஞரின் முன்னால் அடுப்பு மூட்டிப் பொங்கிப் படைத்து, அதையே பங்கிட்டு உண்பது வேறு வகையான நெருக்கம். ஔவை அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறாள்.

திருமணத்தைத் தவிர்ப்பதற்காக இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றாள் என்பது ஔவையைப் பற்றிய செவிவழிக் கதை. அங்கிருந்து தென்கோடிக்குப் போனால் குமரி பகவதி நிற்கிறாள். சுசீந்திரத்திலிருந்து மணமகனாக வரவேண்டிய சிவன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டுப் பொழுது விடிந்ததென்று திரும்பிவிட, கலியாணத்துக்குச் சேர்த்த அரிசியும் பிறவும் கடற்கரை மணலாகிவிட, பாணாசுரனை வதம் செய்துவிட்டு, கையில் செபமாலையோடு இன்றும் கன்னியாகவே நிற்பவள் அவள். ஒருத்தி மணத்தை மறுத்தவள், இன்னொருத்திக்கு மணம் மறுக்கப்பட்டது. ஆனால் இருவரும் மனைவி என்ற சொல்லுக்கு வெளியே நின்று தெய்வமானவர்கள். சுமங்கலியாக இருப்பதையே பெண்ணின் முழுமையென்று கற்பித்த அதே வீடுகள், தம் மகள்களை இந்த இருவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தின. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்னும் கடல்வழிக் குறிப்பில் குமரியைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. எஞ்சிய வாழ்நாளைத் துறவில் கழிக்க விரும்பும் ஆண்கள் அங்கே வந்து நீராடித் தங்குகிறார்கள் என்றும், பெண்களும் அவ்வாறே செய்கிறார்கள் என்றும், ஒரு தேவி அங்கே வாழ்ந்து நீராடினாள் என்பதே அதற்குக் காரணமென்றும் அது சொல்கிறது. "பெண்களும்" என்ற அந்தச் சொல்லில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வீட்டைவிட்டுப் புறப்பட்டு, நிலம் முடியும் இடம் வரை நடந்து வந்து, ஒரு தேவியின் பெயரால் தன் வாழ்நாளைத் தானே வைத்துக்கொண்ட பெண்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறார்கள்.

எல்லாப் பெண்களும் எல்லா அம்மன் முன்னாலும் நிற்க முடிந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, இந்த மாவட்டத்துப் பெருவாரியான பெண்களுக்குப் பெருங்கோயில்களின் மதில் மட்டுமே தெரியும். அவர்களுடைய தெய்வங்கள் வெட்டவெளியில், பீடமாகவும் மண் உருவாகவும், பனைமூட்டிலும் கள்ளிக் காட்டிலும் இருந்தன. அந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவள் இசக்கி.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டித்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைய வேண்டும். இன்று அதைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மூவேந்தரும் மூன்று பந்தலிட்டுக் கூடிய இடம் என்பதால் அந்தப் பெயர் என்றும், அந்தக் கூட்டத்தில் ஔவையும் இருந்தாள் என்றும் சொல்வார்கள். இசக்கியின் கதை நீலி கதை. நகைக்காகக் காதலனால் கள்ளிமூட்டில் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் நீலியாக வருகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறந்திருக்கிறான். அவள் ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களின் சபையில் நின்று, இவன் என் கணவன், இது இவன் பிள்ளை என்று வழக்குரைக்கிறாள். குழந்தையும் அவனை அப்பாவென்று அழைக்கிறது. சபை அவள் பேச்சை நம்பி இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறது. அந்த இரவில் அவள் பழிதீர்க்கிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற அந்தச் சபையின் எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காக உயிர்விடுகிறார்கள்.

சிறுவயதில் எனக்கு இது பேய்க்கதை. பின்னர் பழிவாங்கும் கதையாயிற்று. இப்போது இதில் எனக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கள்ளிக் கொம்புதான். முன் பிறவியில் அவளுக்கு நேர்ந்ததற்குச் சாட்சி இல்லை. உண்மையை அப்படியே சொன்னால் எந்தச் சபையும் ஏற்கப்போவதில்லை. ஆகவே அவள் கைக்குக் கிடைத்த முள்மரத்தின் கொம்பிலிருந்து ஒரு பிள்ளையை உண்டாக்குகிறாள். அதற்கு ஒரு குரலைக் கொடுக்கிறாள். ஆண்கள் மட்டுமே கூடிய அவை நம்பும்படியாக ஒரு கதையைக் கட்டுகிறாள். அந்தக் கதை பொய், ஆனால் அதன் அடியில் இருக்கும் கொலை மெய். புனைவு என்பதற்கு இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. எழுபது பேரின் சாவைக் கொண்டாடுவதற்கில்லை. கதையைக் கேட்கும் பெண்களும் அந்த இடத்தில் கொண்டாடுவதில்லை, மௌனமாகிவிடுவார்கள். ஆனால் வளையலும் சிறு மரத்தொட்டிலும் பொம்மைகளும் கொண்டுவந்து இசக்கிக்குச் சார்த்தும் பெண்கள், பிள்ளையைத் தானே உண்டாக்கிக்கொண்டவளிடம்தான் பிள்ளைவரம் கேட்கிறார்கள் என்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. என் அத்தையின் மாவுத் தொட்டிலும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இயக்கி என்ற சொல்லே இசக்கி ஆயிற்று என்பர். பிள்ளைகளோடு நிற்கும் சமண யட்சி அம்பிகைக்கும் இசக்கிக்கும் உறவு கண்ட ஆய்வாளர்கள் உண்டு. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், முற்காலத்துத் திருச்சாரணத்து மலையில், அம்பிகையின் புடைப்புச் சிற்பத்தை இன்றும் காணலாம். சமணக் கோயிலாக இருந்து பின்னாளில் பகவதி கோயிலான இடம் அது. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி மலைமேலிருந்த பட்டாரியாருக்குப் பொன் அணி வழங்கியதைச் சொல்கிறது. தேவிக்கு ஒரு பெண் கொடுத்ததும், கொடுத்தவளின் பெயரும், அவளுடைய ஆசிரியரின் பெயரும் பாறையில் இருக்கின்றன. பெயர் தங்கியது கல் என்பதால்தான். மாவில் பெயர் தங்குவதில்லை.

கொடை விழாவில் வில்லுப்பாட்டு இல்லாமல் அம்மன் இறங்குவதில்லை. வில்லின் நாணை வீசுகோலால் அடித்து, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர, அம்மனின் கதையை அம்மனுக்கே சொல்லும் கலை அது. அந்தக் கதைகளில் பல, கொலையுண்ட பெண்களின் கதைகள். சூல் கொண்டிருந்த பொன்னிறத்தாளைப் புதையலுக்காகத் திருடர்கள் பலியிடும் இடம் வரும்போது, வில்லடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் அழுகைக்காகச் சற்றே நிறுத்த வேண்டியிருக்கும். பிறகு ஒருத்தி தொடங்க, எல்லோரும் நாவைச் சுழற்றிக் குரவையொலி எழுப்புவார்கள். அந்தக் குரவை கதையின் ஓர் உறுப்பு. அது எழவில்லையென்றால் கதை சாமியாவதில்லை. ஆனாலும் மேடையில் ஆண்கள், தரையில் பெண்கள் என்பதே நான் கண்டு வளர்ந்த ஏற்பாடு. அதை உடைத்தவர் அகஸ்தீஸ்வரத்தை அடுத்த சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி அம்மாள். சிறுபெண்ணாகத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கோயில் கோயிலாகச் சென்று வீசுகோலைத் தன் கையில் ஏந்திப் பாடினார். அவருடைய கணவர் குடக்கலைஞர். 2018 நவம்பரில் பூங்கனி அம்மாள் மறைந்தார். நான் வாழும் இதே மாவட்டத்தில், பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தொலைவில் அவர் இருந்தும், ஒருமுறைகூட அவருடைய வில்லை நேரில் கேட்காமல் விட்டது என் தீராத வருத்தம்.

மண்டைக்காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். புற்றே அம்மனாக வளர்ந்து நிற்கும் அந்தக் கோயிலுக்கு மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். பெண்களின் சபரிமலை என்று அதை அழைப்பது எனக்கு உவப்பானதல்ல. பகவதிக்கு இன்னொரு தலத்தின் பெயரைக் கடன் வாங்கிச் சூட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டிய கோயிலில் தேவாரக்கட்டு சரசுவதி இருக்கிறாள். கம்பர் பூசித்த திருமேனி என்பது மரபு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு அவள் யானைமீது புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்ல, குழித்துறை, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய், கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருந்து இசை கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். வழியெங்கும் பெண்கள் விளக்கேற்றி அவளை வரவேற்பார்கள். நானும் குழித்துறையில் விளக்கோடு நின்றிருக்கிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் கலைமகளின் முன்னால் பாடுவதற்கு ஒரு பெண்ணுக்கும் 2006 வரை இடமிருந்ததில்லை. அந்த ஆண்டில்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி அவர். பாடியபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. பாறசாலை, களியக்காவிளையைத் தாண்டினால் அந்த ஊர்வலப் பாதையிலேயே உள்ள ஊர். வாழ்நாளெல்லாம் தன் ஊர் வழியாகப் போய்வந்த தேவியின் முன்னால் உட்கார்ந்து பாட அந்தப் பெரும் கலைஞர் எண்பது வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அறிவுக்கும் இசைக்கும் ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் பெண்குரலைத் தடுத்துவைத்தவர்கள் அவளை இத்தனை ஆண்டுகளும் என்னவென்று வணங்கினார்கள்?

அப்படித் தடுக்கப்பட்ட இடங்களில் எல்லாம், பெண்கள் அழியக்கூடிய பொருட்களில் தங்கள் கலையைச் செய்தார்கள். தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, மணிகள் பதித்ததுபோல் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒரு மாலையின் ஆயுள் அதிகம் போனால் இரண்டு நாள். கோலம் மதியத்துக்குள் மிதிபடும். குரவை எழுந்த கணமே போய்விடும். கொழுக்கட்டை விடிவதற்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். எதையும் சேர்த்துவைக்காத இந்தத் தன்மையை ஒரு காலத்தில் நான் பெரிதாகப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அழிவதைப் புகழ்வது, அழிந்ததைச் செய்தவர்களின் பெயர் தெரியாமல் போனதற்கு நாமும் உடன்படுவதாகும். என் ஆச்சி எவரிடமிருந்து அந்தக் கதையைக் கேட்டாள், எந்த இடங்களை அவளே சேர்த்தாள் என்பதை அவள் இருந்தபோது நான் கேட்டிருக்க வேண்டும்.

கடந்த ஆடியில், கடைசிச் செவ்வாய் இரவில், இந்த எண்ணத்தோடுதான் அத்தையின் வீட்டுக்குப் போனேன். ஏழு பெண்கள் இருந்தோம். வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்த பெண் ஒருத்தி, கதையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமா என்று அத்தையிடம் கேட்டாள். நான் கேட்க நினைத்து, தைரியமில்லாமல் வைத்திருந்த கேள்வி அது. அத்தை சற்று நேரம் மாவையே பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "வேண்டாம் மக்கா. இதுல பதிஞ்சா பொறவு யாரும் கேக்க வரமாட்டா" என்றாள். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் நியாயங்கள் இருந்தன. அவளுக்கு எண்பத்து மூன்று வயதாகிறது, கதையின் நடுப்பகுதி அவளுக்கே இப்போது தடுமாறுகிறது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசிகள் எல்லாம் வெளி அறைக்குப் போயின.

படையல் முடிந்ததும் அத்தை, தனக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டு, என்னைக் கதை சொல்லச் சொன்னாள். முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன், மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தக் குத்துவிளக்கின் முன்னால், ஆறு பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெல்ல மெல்லத் தொடங்கிக் கதையின் நெஞ்சுப் பகுதிக்கு வந்து, அந்தப் பெண் எழுந்து நின்று பேசும் இடத்தைச் சொல்லத் தொடங்கியதும், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அத்தை கையை உயர்த்தினாள்.

"அப்படி இல்ல மக்கா. அவ முதல்ல அழுது முடிக்கட்டும். பொறவு பேசட்டும்."

நான் இரண்டு வாக்கியம் பின்னால் போய், அவளை அழவிட்டேன். அது நான் நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது. மருமகள் பெண் கையிலிருந்த கொழுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.